சோறு போட ஆராய்ச்சி எதற்கு?

வாசுதேவநல்லூர்க் கடைத்தெருவிலாகட்டும், புளியங்குடி எலுமிச்சைச் சந்தையிலாகட்டும், சாரல் காலத்தில் குற்றாலத்தில் வந்து கூடும் படித்த பெருமக்களின் சம்பாஷணையிலாகட்டும், பொதுப்பணத்தைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஓர் அபிப்பிராயம் தவறாமல் வெளிப்படக் காண்கிறோம். பசித்தவனுக்குச் சோறும், வயலுக்குத் தண்ணீரும், ஊருக்குச் சாலையும் வேண்டும் என்பது யாவரும் அறிந்த விஷயம். அவற்றைச் செய்வதற்கு மனம் வேண்டுமே அல்லாது ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆராய்ச்சி என்பது, செய்ய மனமில்லாத சர்க்கார் காலத்தைக் கடத்துவதற்கும், படித்தவர்கள் பட்டம் பெறுவதற்கும் ஏற்பட்ட ஓர் உபாயம் என்பதே அது. இப்படிச் சொல்பவர்கள் அசடர்களும் அல்லர், சுயநலக்காரர்களும் அல்லர். பெரும்பாலும் ஏழைகளின்மேல் உண்மையான இரக்கம் உடையவர்களே இதைச் சொல்கிறார்கள். ஆகையால், நம் பழைய தர்க்க நூலார் செய்தபடி, அவர்களுடைய பூர்வபட்சத்தை அதன் முழுப் பலத்தோடும் எடுத்து வைத்துக்கொண்டே சமாதானம் சொல்வது முறையாகும்.

அவர்கள் முதலில் நிறுத்தும் சாட்சி பெருந்தலைவர் காமராஜர். 1956-இல், அந்நாளில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியபோது எந்தப் பேராசிரியரின் புள்ளிவிவரத்துக்காக அவர் காத்திருந்தார்? கல்வித்துறை இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஜனங்களிடம் அரிசியும் பணமும் கேட்டுத் திரட்டினாரே, அவர் எந்தப் பரிசோதனையின் முடிவைக் காட்டிக் கேட்டார்? 1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்தபோது, கஜானா தாங்காது என்று கைவிரித்தவர்களின் கணக்கைக் கேட்டிருந்தால் திட்டம் உண்டாயிருக்குமா? கேள்விகள் நியாயமானவை. பிள்ளைகளுக்குச் சோறு போடுவது என்ற தீர்மானம் கருணையாலும் அரசியல் துணிவாலும் பிறந்தது. அந்தப் பெருமையில் ஆராய்ச்சிக்கு ஒரு கவளமும் பங்கில்லை என்பதை நான் தடையின்றி ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தீர்மானத்தோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் போடும் சோறு, பள்ளிக்கூடத்துக்கு நடந்துவரும் வயதை அடைந்த பிள்ளைக்குத்தான் கிடைக்கும். எம்.ஜி.ஆரின் திட்டமும் 2 வயது நிரம்பிய பிள்ளைகளிலிருந்தே தொடங்கியது. சத்துக்குறைவு ஒரு மனிதனுக்குச் செய்யும் பெருந்தீங்கு எந்த வயதில் நேர்கிறது என்ற கேள்விக்கு இரக்கத்தால் மாத்திரம் விடை காண முடியுமா? 1970களில் நடந்த தமிழ்நாட்டு ஊட்டச்சத்து ஆய்வு அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு குடும்பங்களின் உணவை ஆராய்ந்தது. தாய்ப்பாலின்மேல் வேறு ஆகாரமும் தேவைப்படும் ஆறாவது மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள்தான் பிள்ளைகள் நலிந்தும் மாண்டும் போகின்றன என்பதும், அந்நாளில் நடந்துவந்த உணவுத் திட்டங்கள் பெரும்பாலும் அந்த வயதைக் கடந்த பிள்ளைகளுக்கே போய்ச் சேர்ந்தன என்பதும் அப்போது தெரியவந்தன. கொடுத்த கை குறையின்றிக் கொடுத்தது. வாங்கியிருக்க வேண்டிய வாய் தொட்டிலில் கிடந்தது.

அந்த ஆய்வின் பயனாகவே 1980-இல், மதுரைச் சீமையின் ஓர் ஒன்றியத்தில் ஆரம்பித்துத் தென் ஜில்லாக்கள் பலவற்றுக்கும் பரவிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உலக வங்கிக் கடனுடன் நடைபெற்றது. அதன் முறை வெகு எளிமையானது. ஊரிலேயே பிள்ளைபெற்று வளர்த்த ஒரு பெண்ணைப் பணியாளராக நியமித்து, மாதந்தோறும் பிள்ளைகளைத் தராசில் தூக்கி நிறுத்து, எடையை அட்டையில் குறித்து, ஏறவேண்டிய அளவுக்கு எந்தப் பிள்ளைக்கு எடை ஏறவில்லையோ அந்தப் பிள்ளைக்கு மாத்திரம் 90 நாள் சத்துருண்டை கொடுத்து, தேறியவுடன் நிறுத்திவிட்டு, தாய்க்கு ஆகார விஷயத்தைச் சொல்லிக்கொடுப்பார்கள். எல்லாருக்கும் போடாமல் நிறுத்துப் பார்த்துப் போடுவது கருமித்தனம் என்று அன்று முகஞ்சுளித்தவர்கள் உண்டு. ஆயினும் கடுமையான சத்துக்குறைவு கணிசமாகக் குறைந்ததை மதிப்பீடுகள் காட்டின. அதே மதிப்பீடுகள், நடுத்தரமான சத்துக்குறைவு எளிதில் அசையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லின. தன் தோல்வியைத் தானே எழுதிவைக்கும் இந்தக் குணம் மேடைப் பேச்சுக்கு இல்லை. ஆராய்ச்சிக்கு உண்டு என்பதால்தான் அதன்மேல் எனக்கு மதிப்பு.

இது பழைய கதை என்று தள்ளுவோர் பொருட்டுப் புதிய கதை ஒன்றையும் சொல்லிவிடலாம். அங்கன்வாடியில் சமைப்பது, நிறுப்பது, பதிவேடு எழுதுவது, வீடு வீடாகப் போவது, பாடம் சொல்வது ஆகிய அத்தனையையும் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளருமே செய்கிறார்கள் என்பது நம் தாய்மார்கள் அறிந்தது. கூடுதலாக அரை நாளுக்கு ஒருவரை நியமித்தால் என்ன நிகழும்? கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலாளர்கள், தமிழ்நாட்டு அரசின் ஒத்துழைப்போடு, நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் பாதி மையங்களுக்கு மாத்திரம் அப்படி ஒருவரை நியமித்து, ஒன்றரை ஆண்டு கழித்து எல்லாப் பிள்ளைகளையும் ஒருமிக்கச் சோதித்தார்கள். பாடம் நடந்த நேரம் இரு மடங்காயிற்று. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். இவற்றுக்கு மேலாக, தொடர்ந்து மையத்துக்கு வந்த பிள்ளைகளிடையே வளர்ச்சிக் குன்றலும் கடும் சத்துக்குறைவும் குறைந்தன. சோற்றின் அளவைக் கூட்டாமலே, பரிமாறும் கைகளைக் கூட்டினால் சத்துக்குறைவு தணியும் என்று எந்த மேடைப் பேச்சாளருக்காவது தோன்றியிருக்குமா?

இரண்டாவது ஆட்சேபம் உழவைப் பற்றியது. தலைமுறை தலைமுறையாக மண்ணோடு பழகிய சம்சாரிக்கு, சட்டை கசங்காத பட்டதாரி என்ன சொல்லித்தர முடியும் என்கிறார்கள். இதில் இருக்கும் ரோஷம் எனக்குப் பிடிக்கும். இதில் இருக்கும் தர்க்கம் பிடிக்காது. 1937 முதல் அம்பாசமுத்திரத்தில் இருந்துவரும் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ‘அம்பை 16’ என்னும் நெல்லை விதைத்து விற்றுக்கொண்டே, ஆராய்ச்சியால் என்ன கண்டோம் என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது போகட்டும், உழவனுடைய அறிவையும் ஆராய்ச்சியையும் எதிரெதிர்க் கட்சிகளாகப் பாவிப்பதே பிழை என்பதற்குச் செம்மை நெல் சாகுபடியைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஒற்றை நாற்று நடவு என்று நம் பக்கத்தில் சொல்லும் அந்த முறை எந்தச் சோதனைச்சாலையிலும் பிறந்ததன்று. மடகாஸ்கர் தீவில், ஆன்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், அங்குள்ள குடியானவர்களோடு வயலில் இறங்கிப் பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்துத் திரட்டியது. 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, இரு பக்கமும் இடம்விட்டுச் சதுரமாக நடுவது. தண்ணீரைத் தேக்கி நிறுத்தாமல் மண் காயக் காயக் கட்டுவது. கோனோவீடரை உருட்டிக் களையை மண்ணுக்குள்ளேயே அமுக்குவது என்பனவே அதன் அங்கங்கள். ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை போதும் என்றால் எந்தச் சம்சாரி நம்புவார்? நம்பாதது அவருடைய விவேகம். ஒரு போகம் பொய்த்தால் கடன்படுகிறவர் அவரே. ஆகவேதான் 2003-04-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், காவிரிப் படுகையில் 100, தாமிரபரணிப் பாசனத்தில் 100 என உழவர்களின் சொந்த வயல்களிலேயே, புது முறையையும் பழைய முறையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். தாமிரபரணிப் பக்கத்தில் சராசரியாக ஹெக்டேருக்குப் பழைய முறையில் சுமார் 5.7 டன்னும் புது முறையில் சுமார் 7.2 டன்னும் கண்டன, தண்ணீரும் மிஞ்சியது. பாதிரியாரின் கையிலும் குடியானவரின் கையிலும் இருந்த அனுபவத்தை ஆராய்ச்சி அபகரிக்கவில்லை. மற்றொரு குடியானவர் துணிந்து தம் நிலத்தை ஒப்புக்கொடுப்பதற்கு வேண்டிய ஜாமீனை அளித்தது. பிறகு, சொன்ன அங்கங்கள் அத்தனையையும் கைக்கொண்டவர் குறைவு. பழகிய ஆள் கிடைக்காமையால் சிலர் இடைவெளியை விட்டார்கள், சிலர் கருவியை விட்டார்கள் என்பதும் ஆய்வுகளால் வெளிப்பட்டதே.

வாசுதேவநல்லூரார் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். வற்றாத தாமிரபரணியின் வாய்க்காலில் கண்ட முடிவு, வைப்பாற்று வடிநிலத்தில், மலையிலிருந்து வடியும் தண்ணீரைக் குளத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி நடும் எங்களுக்குப் பொருந்துமா? பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். இந்தச் சந்தேகம் ஆராய்ச்சி வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. இங்கேயும் செய்யுங்கள் என்று கேட்பதற்கே காரணமாகும்.

சாலைக்கும் அணைக்கும் வருவோம். சாலை போட்டுவிட்டால் சுபிட்சம் தானே வரும் என்பது நம் தேசத்தில் மந்திரம்போல் ஓதப்படும் வாக்கியம். 2000-இல் தொடங்கிய பிரதம மந்திரியின் கிராமச் சாலைத் திட்டத்தால் புதிதாகச் சாலை பெற்ற கிராமங்களை, ஜனத்தொகை விதியால் மயிரிழையில் சாலையை இழந்த கிராமங்களோடு ஆஷர், நோவோசாத் என்ற இருவர் ஒப்பிட்டார்கள். சாலை வந்த ஊர்களில் ஜனங்கள் உழவைவிட்டு வெளிவேலைக்குப் போவது கூடியது. விளைச்சலிலும் வருமானத்திலும் சொத்திலும் பெரிய மாறுதல் காணவில்லை. அவர்களே மற்றொருவரோடு சேர்ந்து செய்த வேறோர் ஆய்வில், சாலை வந்த ஊர்ப் பிள்ளைகள் நடுநிலைப் பள்ளியில் கூடுதலாகச் சேர்ந்தார்கள் என்பதும் தெரிந்தது. இதனால் சாலை வேண்டாம் என்று ஏற்படவில்லை. சாலை எதைத் தரும், எதைத் தராது என்பது ஏற்பட்டது. தராததற்கு வேறு ஏற்பாடு தேட வேண்டும் என்பதும் ஏற்பட்டது. இந்தோனேசியாவில் பெஞ்சமின் ஓல்கன் என்பவர் 600-க்கு மேற்பட்ட கிராமங்களில் புதிதாகப் போட்ட சாலைகளைத் தோண்டி, ஜல்லியையும் மணலையும் அளந்து, பில்லோடு ஒத்துப் பார்த்தார். அரசுத் தணிக்கை கட்டாயம் வரும் என்று முன்னதாகவே சொல்லிவைத்த ஊர்களில், காணாமற்போன பணம் 8 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. நம் காண்ட்ராக்டர்களைப் பற்றித் திண்ணையில் பேசுவோர் இந்த ஒரு ஆராய்ச்சியையாவது ஆட்சேபிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அணை என்றவுடன் இந்தப் பக்கத்தில் செண்பகவல்லியின் பேர் வந்தே தீரும். மலைமேல் உடைந்து கிடக்கும் அந்தத் தடுப்பணையைச் சீர்செய்ய வேண்டுமென்று சிவகிரி, வாசுதேவநல்லூர் வட்டாரத்து விவசாயிகள் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அண்டை ராஜ்யத்தின் சம்மதம் வேண்டிய விஷயமாகையால் இழுபறி தீரவில்லை. உரிமையைப் பேச உணர்ச்சி போதும். எந்த மாதத்தில் எவ்வளவு நீர் வரும், எத்தனை குளம் நிறையும், அப்பால் பாயும் நீரில் எவ்வளவு குறையும் என்று அளவோடு பேசுவதற்கு உணர்ச்சி போதாது. இரண்டு சர்க்கார்கள் எதிரெதிரே உட்காரும் இடத்தில், அளந்துவைத்த ஏட்டைக் கொண்டுபோகிறவருடைய வார்த்தைக்கே கனம் அதிகம்.

இனி, ஆராய்ச்சிக்குச் செலவிடும் பணத்தைச் சோற்றிலேயே போடலாமே என்ற ஆட்சேபம். இதற்கு உப்பின் கதை ஒன்றே விடை. இரத்தசோகையைப் போக்க, உப்பில் அயோடினோடு இரும்பையும் சேர்த்துவிடலாம் என்ற யோசனை எவருக்கும் சரியென்றே படும். பீகாரில் போஜ்பூர் மாவட்டத்தில் 400 கிராமங்களை வைத்து அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் மற்றொருவரும் அதைச் சோதித்தபோது, கடைகளில் மலிவாக விற்ற அந்த உப்பால் பொதுவில் இரத்தசோகை குறையவில்லை என்று கண்டார்கள். அதே பீகாரில் ஜெகனாபாத் மாவட்டத்துப் பள்ளிகளின் மதிய உணவிலேயே சேர்த்துச் சமைத்துக் கொடுத்து வேறு சிலர் சோதித்தபோது, பிள்ளைகளிடம் அது குறைந்தது. ஒரே உப்பு, கடைத் தட்டில் வைத்தால் வீண், பள்ளிக்கூடத்து உலையில் இட்டால் பயன். நம் தமிழ்நாடு உப்புக் கழகம் வாலிநோக்கத்தில் எடுக்கும் இரும்பூட்டிய உப்பு சத்துணவுக் கூடங்களுக்குச் செல்வது சரியான வழி என்பதற்கு இது பக்கபலம். சோதியாமலே தேசம் முழுவதும் கடைகளில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தால் ஆகியிருக்கும் நஷ்டத்தை, ஆராய்ச்சிச் செலவின் எதிரே வைத்துப் பார்க்கட்டும்.

எல்லாம் அந்நியர் சரக்கு என்று கடைசியாகச் சொல்வார்கள். ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்தியர் குன்னூரில் ஆகார ஆராய்ச்சியைத் தொடங்கியது 1918-இல். அதன் வழிவந்ததே இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். எலிகளுக்குப் பஞ்சாபியின் ஆகாரத்தையும் சென்னை ராஜதானி ஏழையின் ஆகாரத்தையும் தனித்தனியே ஊட்டி, எது தழைத்தது, எது நலிந்தது என்று அங்கே பார்த்தார்கள். நம் வீட்டுப் புழுங்கலரிசி, ஆலையில் தீட்டிய பின்னும் பெரிபெரி நோயைத் தடுக்கும் சத்தை உமியடியிலிருந்து உள்ளிழுத்து வைத்துக்கொள்கிறது என்ற தத்துவமும் அப்படிப்பட்ட ஆராய்ச்சிகளாலேயே விளங்கியது. வெள்ளைக்காரர் நடத்தினார் என்பதற்காகப் புழுங்கலரிசி அந்நியமாகிவிடுமா?

அந்நியம் என்ற குற்றச்சாட்டில் ஒரு பகுதி மட்டும் தைக்கிறது. முடிவுகள் ஆங்கிலத்தில் அச்சாகின்றன. வயலை இரவல் கொடுத்தவருக்கும், பிள்ளையைத் தராசில் ஏற்ற இசைந்த தாய்க்கும் அவை திரும்பி வருவதில்லை. கேள்விகளையும் வெகு தூரத்தில் இருப்பவர்களே நிர்ணயிக்கிறார்கள். புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு வந்தது, சந்தோஷம். மழைக்காலத்தில் பறிகூலிக்கும் கட்டாமல் சரிந்து, கோடையில் எட்டாத உயரம் ஏறும் விலையை எப்படிச் சமன்செய்வது, கோடையில் காய்க்கும்படி மரத்தை எவ்வாறு பழக்குவது, பழத்தைச் சில வாரம் வாடாமல் எப்படி வைத்திருப்பது என்பவையே வாசுதேவநல்லூர்த் தோட்டக்காரர் கேட்கும் கேள்விகள். முதற்கேள்விக்கு வேண்டிய சரக்கு கமிஷன் கடைகளின் பேரேடுகளில் தினசரி விலையாக எழுதப்பட்டு வருகிறது. அவற்றைக் கேட்டு வாங்கிப் பல ஆண்டு விலைகளைத் தொகுத்து, முடிவைத் தமிழில் எழுதிக் கிராம சபையில் வாசிப்பது ஒரு வேளாண்மைக் கல்லூரி மாணவருக்கு ஒரு வருஷத்து வேலை. அதை ஏன் செய்யவில்லை என்று அதிகாரிகளிடம் கேட்க வேண்டியவர்கள், ஆராய்ச்சியே வேண்டாம் என்று இப்போது சொல்லிக்கொண்டிருப்பவர்கள்தான்.