மயில்ராவணன் போன வழி

நாஞ்சில் நாட்டுத் தோல்பாவைக்கூத்தில் ராமாயணம் பல இரவுகள் நடக்கும். அதில் மயில்ராவணன் கதைக்கும் இடமுண்டு. ராமனை அவன் பாதாளத்துக்குக் கடத்துகிறான். மீட்கப் போகும் அனுமனைக் காவல் நிற்கும் மச்சவல்லபன் தடுக்கிறான். அவனோ அனுமனின் மகன். வால்மீகியிலும் கம்பனிலும் இந்தக் கதை கிடையாது.

தாய்லாந்தின் ‘ராமகியென்’ நூலில் உண்டு. முதலாம் ராமா மன்னர் 1797-இல் இயற்றுவித்த அந்த நூலில் கடத்துபவன் மையராப், காவல் நிற்கும் மகன் மச்சானு. மச்சானுவைப் பெற்றவள் சுவன்னமச்சா என்ற மீன்கன்னி. கம்போடிய நடன மேடையில் அவளையும் அனுமனையும் இன்றும் காணலாம்.

இவ்வளவு நெருக்கம் இருந்தும், நம் ஒப்பாய்வுகளில் பெரும்பாலானவை கம்பனை ஒருபுறமும் ராமகியெனின் ஆங்கில மொழிபெயர்ப்பை மறுபுறமும் வைத்து முடிந்துவிடுகின்றன. கம்பன் பெருங்கவி, ஆனால் மயில்ராவணன் கதை அங்கே எப்படிப் போனது என்ற கேள்விக்கு விடை அவனிடம் இல்லை. கூத்துக்காரரின் வாய்மொழியில்தான் இருக்கிறது.

மலாயாப் பல்கலைக்கழகத்தின் எஸ். சிங்காரவேலு 1968-லேயே வடமொழி, தமிழ், தாய், மலாய் ராமகதைகளை ஒப்பிட்டுச் சயாம் சங்க இதழில் எழுதினார். நாஞ்சில் நாட்டுக் கூத்தை அ.கா. பெருமாள் களத்தில் நின்று பதிவு செய்தார். இவ்விருவர் பணியையும் இணைத்து மேலே செல்லும் ஆய்வாளர்தான் இப்போது தேவை.

அப்படி வருபவர் நிகழ்த்துமுறையையும் பார்க்க வேண்டும். இங்கே கை கால் அசையும் பாவைகளை ஆட்டிக்கொண்டே, எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒருவரே குரல் கொடுக்கிறார். கம்போடியாவின் ‘ஸ்பெக் தோம்’ அப்படியல்ல. ஆளுயரத் தோல்சித்திரங்களைப் பலர் தூக்கி ஆட, கதை சொல்வோர் தனியே நிற்கிறார்கள். கலை வேறு, கதை ஒன்று. கதை மட்டும் எப்படிப் பயணித்தது?

ஒரு தடயம் பர்மாவில் இருக்கிறது. மலைமண்டலத்து (கேரளம்) மகோதையர்பட்டினத்து வைணவர் ஒருவர் நானாதேசி வணிகரின் திருமால் கோயிலான நானாதேசி விண்ணகருக்குச் செய்த கொடையைப் பகானில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. வணிகர் போன கப்பலில் கதையும் ஏறியிருக்கலாம். அதை நிறுவப் பர்மியப் பிரதிகளை நேரே வாசிக்க வேண்டும். வியட்நாமின் ‘லிஞ் நாம் சிக் குவாய்’ தொகுப்பிலும் சம்பா நாட்டு ராமகதையின் சுருக்கம் உண்டு. அது செவ்வியல் சீனத்தில் எழுதப்பட்டது.

தாய், கெமர், பர்மியம், சீனம் ஆகிய நான்கு மொழிகளையும் ஒருவரே கற்பது அரிது. முனைவர் பட்ட மாணவர் ஒருவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே போதும். தாய் அல்லது கெமரில் தொடங்கலாம். களத்தில் உள்ளோருக்கு அதற்கு முந்தைய வேலை ஒன்று இருக்கிறது. மயில்ராவணன் கூத்தின் ஒலிப்பதிவு வைத்திருப்போர், கலைஞரின் ஒப்புதலோடு, ஒரு சொல்லும் திருத்தாமல் அதை எழுத்தாக்கி இவ்விதழுக்கு அனுப்புங்கள்.