கம்போங் பெத்தா: பூங்காவுக்குள் ஓர் ஊர், நிலம் யாருக்கு?

விடுமுறைக்கு எண்டாவ் ரொம்பின் போகலாம்னு யோசிக்கிறீங்களா? ஜொகூர் காஹாங்கிலிருந்து சுமார் 56 கிலோமீட்டர் மண் சாலை. ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் சிரமம்தான். அந்தச் சாலை முடியும் இடத்தில் இருக்கிறது கம்போங் பெத்தா. ஜக்கூன் பூர்வக்குடி மக்களின் ஊர். உங்களை உபே கூலிங் நீர்வீழ்ச்சிக்கு அழைத்துப் போகும் வழிகாட்டி அந்த ஊர்க்காரராகவே இருக்கலாம்.

முதலில் வந்தது எது?

மக்கள்தான். எண்டாவ் ரொம்பின் 1993-இல்தான் ஜொகூர் தேசியப் பூங்காவாக அரசிதழில் இடம்பெற்றது. அதற்கு வெகு முன்பே எண்டாவ் ஆற்றங்கரையில் மீன், பிரம்பு, காட்டுப் பழங்களை நம்பி ஜக்கூன் மக்கள் வாழ்ந்து வந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1954-ஆம் ஆண்டு பூர்வக்குடி மக்கள் சட்டத்தின் 10-ஆவது பிரிவுப்படி, ஓரிடம் வனக் காப்பகமாக மாறினாலும் அங்குள்ள பூர்வக்குடியினர் தொடர்ந்து வசிக்கலாம். ஆனால், வெளியேறச் சொல்லி உத்தரவிடும் அதிகாரமும் மாநில அரசுக்கு அதே பிரிவில் உண்டு. அதாவது, தங்கலாம், நிலம் உங்களுடையது என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. 11-ஆவது பிரிவு பேசும் இழப்பீடும் பழ மரம், ரப்பர் மரங்களுக்குத்தான்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

இங்கேதான் ஜொகூர் முக்கியமாகிறது. லிங்கியூ அணைத் திட்டத்துக்காக ஜக்கூன் மக்கள் 53,000 ஏக்கருக்கும் மேற்பட்ட மரபு நிலத்தை இழந்தார்கள். மரங்களுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதாது, வாழ்வாதாரமும் அரசியலமைப்பின் 13-ஆவது விதி காக்கும் சொத்துதான் என்று 1996-இல் ஜொகூர் பாரு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு சுமார் 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட். பெரிய தொகை மாதிரி தெரியும். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 500 ரிங்கிட்தான்! பின்னாளில் கம்போங் பெத்தா மக்களும் மரபு நிலத்துக்காக வழக்குத் தொடுத்து உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள்.

நமக்கு என்ன சம்பந்தம்?

உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். மூன்று தலைமுறை உழைத்த தோட்டம் கைமாறியபோது, லயத்து வீட்டை விட்டுப் போன கதை பல குடும்பங்களில் இருக்கும். இரண்டும் ஒன்றல்ல, தோட்டம் கம்பெனியின் நிலம், காடு ஜக்கூன் மக்களின் மூதாதையர் நிலம். ஆனால் “கிராண்ட் எங்கே?” என்ற கேள்விக்கு முன்னால் வாயடைத்து நிற்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

காட்டைக் காப்பாற்ற வேண்டும், சந்தேகமே இல்லை. அங்கே வாழ்கிறவர்களைப் பங்காளிகளாக வைத்துக் காப்பாற்றுவதா, விருந்தாளிகளாக வைத்தா என்பதுதான் இன்னும் முடியாத கேள்வி.