பட்டறை வாசலில் வாசகன்

தமிழ் இலக்கிய வாசகருக்கும் நவீன ஓவியத்துக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஓர் அட்டைப்பட உறவாகவே இருந்து வருகிறது. கே.எம். ஆதிமூலத்தின் கோடுகளை நாம் அறிவோம். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ தொடராக வந்தபோது, எழுத்தோடு சேர்ந்து அந்தக் கோடுகளும் நம் மனத்தில் குடியேறின. சிற்றிதழ் முகப்புகளிலும் கவிதைத் தொகுப்புகளின் அட்டைகளிலும் எத்தனையோ ஓவியர்களை நாம் பெயரளவில் அறிந்து வைத்திருக்கிறோம். ஆயினும் 2008இல் மறைந்த ஆதிமூலத்தின் மூல ஓவியம் ஒன்றை, அதன் உண்மையான அளவில், அதன் முன் நின்று பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருப்போம்? ஏதேனும் ஓர் ஓவியர் வேலை செய்வதை ஒரு மணி நேரம் அருகிலிருந்து பார்த்தவர்கள் அதிலும் எத்தனை பேர்?

இக்கேள்வி யாரையும் குறை கூறுவதற்கன்று. படம் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது, படத்தை ஆக்கும் கை வந்து சேரவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுப்புகிறேன். ஓவியர்களும் சிற்பிகளும் தாம் வேலை செய்யும் இடத்தை ஆண்டில் சில நாட்களேனும் பொதுமக்களுக்குத் திறந்து வைக்க வேண்டும் என்பதும், அதை அவர்களிடம் கேட்டுப் பெறும் பொறுப்பு முதலில் இலக்கிய வாசகர்களுக்கு உண்டு என்பதும் என் கருத்து.

கிருஷ்ணன்கோவிலில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஓவியக் காட்சிக்கூடம் என்று சொல்லத்தக்க ஒன்று இப்பகுதி மக்களின் அன்றாட வாழ்வில் இல்லை. திருவில்லிபுத்தூரிலோ இராஜபாளையத்திலோ ‘ஸ்டூடியோ’ என்றால் புகைப்படம் எடுக்கும் இடம் என்றே எவரும் பொருள் கொள்வர். ஆனால் படங்களுக்கு இங்கே பஞ்சமே இருந்ததில்லை. பக்கத்தில்தான் சிவகாசி. தென்னிந்தியாவின் பூசையறைச் சுவர்களை நிரப்பிய நாட்காட்டிப் படங்களில் பெரும்பகுதி அங்கே அச்சானவை. அப்படங்களுக்கு ஆதாரமாக நின்றவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுவொன்றுக்குத் திரைச்சீலை தீட்டுபவராக அலைந்து, இறுதியில் கோவில்பட்டியில் தங்கி, தம்மைச் சுற்றி ஒரு சீடர் பரம்பரையையே உருவாக்கியவர். அந்தப் பட்டறையிலிருந்து புறப்பட்ட மீனாட்சியும் முருகனும் இலட்சுமியும் எத்தனை இலட்சம் வீடுகளுக்குச் சென்றிருப்பார்கள் என்று கணக்கிட இயலாது. நம் வீட்டுச் சுவரில் ஆண்டுக்கணக்கில் தொங்கிய படத்தைத் தீட்டியவர் பக்கத்து ஊர்க்காரர் என்பது மட்டும் நமக்குத் தெரியாமலேயே போயிற்று. கலையைப் பொதுமக்களுக்குக் கொண்டு சேர்ப்பது என்றால் அச்சடித்துப் பரப்புவதுதான் என்றால், அந்த வேலை நம் பகுதியில் என்றோ நிறைவேறிவிட்டது. அது போதாது என்பதற்கும் நம் பகுதியே சான்று.

இன்னொன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஓவியரின் பட்டறை நம் சிற்றூர்களில் ஒரு காலத்தில் திறந்தேதான் கிடந்தது. கடைத்தெருவில் ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் பெயர்ப்பலகையோடு ஒரு சிறு கடை இருக்கும். வாசலில் தகரப் பலகைகள் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். கட்சித் தலைவர்களின் முகங்களும் திரைப்பட நாயகர்களின் முகங்களும் கட்டம் கட்டமாகப் பெரிதாகி வரும். பள்ளி விட்டுப் போகும் பிள்ளைகள் பைக்கட்டோடு நின்று வாய் பிளந்து பார்ப்பார்கள். ஒரு முகத்துக்குக் கண் எப்போது வைக்கப்படுகிறது, பச்சைக்குள் ஏன் சிறிது சிவப்பைக் கலக்கிறார்கள், எழுத்தின் விளிம்பு பிசிறின்றி வர மூச்சை எப்படி அடக்குகிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் கட்டணமின்றிக் கற்ற பாடங்கள். இரண்டாயிரத்துக்குப் பின் ஃபிளெக்ஸ் அச்சு ஊரெங்கும் பரவியது. அந்தக் கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது கணினி வைத்த கடைகளாக மாறின. நாம் அதை ஒரு தொழிலின் அழிவாக மட்டுமே பேசினோம். படம் உருவாவதைக் காணும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கே இல்லாமற் போனதைப் பேசவில்லை.

வகுப்பறையில் இதன் விளைவைக் காண்கிறேன். மதுரைக்காஞ்சி நடத்தும்போது ‘கண்ணுள் வினைஞர்’ என்ற தொடர் வரும். ஓவியர் என்று உரை சொல்கிறது. மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். கையால் படம் தீட்டுபவரைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால், கைப்பேசியில் பார்த்த விரைவுபடுத்தப்பட்ட காணொளிகளைச் சொல்வார்கள். பத்து மணி நேர வேலை முப்பது நொடியில் முடிந்துவிடும் காணொளிகள் அவை. இப்போதோ சில சொற்களைத் தட்டினால் கணத்தில் படம் தரும் செயலிகளும் வந்துவிட்டன. தயக்கம், அழிப்பு, திருத்தம், காத்திருப்பு ஆகியவை இல்லாமலே படம் பிறக்கும் என்று நம்புகிற மாணவருக்கு, ஒரு கவிதையின் திருத்தப்படிகளைப் பற்றி நான் எப்படிப் பேசுவது? ஓவியத்தின் சிக்கல் இங்கே இலக்கியத்தின் சிக்கலாகவும் ஆகிவிடுகிறது.

பழந்தமிழ் நூல்கள் இது பற்றி நமக்குச் சொல்பவை குறிப்பிடத்தக்கவை. மதுரைக்காஞ்சி ஓவியரைத் தனியே ஓர் உயர்ந்த மாடத்தில் வைக்கவில்லை. சங்கு அறுப்பவர், மணி துளையிடுபவர், பொன் நகை செய்பவர், பொன் உரைத்துப் பார்ப்பவர், துணி விற்பவர் ஆகியோரோடு கடைத்தெருவின் நடுவே அவரையும் நிறுத்துகிறது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகிறது. அங்கே மக்கள் படங்களைச் சுட்டி இது யார், இது என்ன என்று கேட்கிறார்கள், உடன் வந்தவர்கள் விளக்குகிறார்கள். வேலை செய்பவர் தெருவில் இருந்தார், பார்ப்பவர் கேள்வி கேட்டார். கலை பொதுமக்களோடு பழகுவதற்கு இவ்விரண்டும் தேவை. காட்சிக்கூடம் என்ற ஏற்பாடு இரண்டையும் பிரித்துவிட்டது. அங்கே ஆக்கியவர் இல்லை, கேட்பதற்கோ கூச்சம் தடுக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த இடைவெளியைக் கடக்க நடந்த பெரிய முயற்சி ஒன்று உண்டு. சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் 1966இல் தொடங்கப்பட்ட சோழமண்டலம் ஓவியர் கிராமம் அது. சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு ஒரு கவலை இருந்தது. பயின்று வெளியேறும் மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து, சில ஆண்டுகளில் தூரிகையையே மறந்துவிடுகிறார்கள் என்பதே அது. அவரும் மாணவர்களும் கண்ட வழி எளியது. பாட்டிக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள், வீடும் பணியிடமும் கட்டிக்கொண்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இதில் இணைந்தனர். பகலில் ஒரு பொழுது கைவினை, மற்றப் பொழுது தம் ஓவியம் என்று வாழ்ந்தனர். அரசு நிதியையோ செல்வந்தர் ஆதரவையோ நம்பாமல் கலைஞர்களே தம் கையால் உண்டாக்கிய இடம் என்பதே அதன் பெருமை. கே. ராமானுஜம் தம் கனவு நகரங்களை மைக்கோடுகளில் வரைந்ததும், ஜே. சுல்தான் அலி, எஸ். நந்தகோபால் போன்றோர் உழைத்ததும் அங்கேதான்.

நம் விவாதத்துக்கு வேண்டியது அந்தக் கிராமத்தின் அமைப்பு. வாழும் வீடும் வேலை செய்யும் இடமும் படைப்பை வைத்திருக்கும் இடமும் அங்கே ஒரே வளாகத்தில் இருந்தன. சிற்பங்கள் வெட்டவெளியில் நின்றன. திறந்தவெளி அரங்கு ஒன்றில் நாடகமும் கவிதை வாசிப்பும் நடந்தன. பார்க்க வந்தவர் உளி ஓசை கேட்கும் தூரத்தில் நடந்தார். இலக்கியக்காரர்களும் ஓவியர்களும் ஒருவரையொருவர் கண்டுகொள்ள அது இடமளித்தது.

அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். பணிக்கர் 1977இல் மறைந்தார். முதல் தலைமுறையினர் பலரும் பின்னர் மறைந்துவிட்டனர். 2009இல் அங்கே முறையான அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. சென்னை ஓவிய இயக்கத்தை ஒரே இடத்தில் காண்பதற்கு அது பெரிதும் உதவுகிறது. ஆனால் அருங்காட்சியகம் முடிந்த படைப்பைக் காட்டும் இடம். முடியாத படைப்பைக் காண்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். தவிர, சோழமண்டலம் சென்னையின் அருகில் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்து மாணவர் ஒருவர் ஓர் இரவுப் பயணம் செய்துதான் அதைக் காண முடியும். ஓவியர்கள் ஒன்றுகூடி ஒரு கிராமம் அமைப்பது வரலாற்றில் எப்போதோ ஒருமுறை நிகழ்வது. ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியே வேலை செய்பவர்கள் என்ன செய்யலாம் என்பதே இன்றைய கேள்வி.

பிற நாடுகளில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1975 முதல் ஆண்டுதோறும் குறிப்பிட்ட வார இறுதிகளில் ஓவியர்கள் தம் பணியிடங்களைத் திறந்து வைக்கிறார்கள். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஓவியர் தம் வீட்டையே திறந்து வைத்ததில் தொடங்கிய வழக்கம், இன்று தெருத்தெருவாகப் பரவியிருக்கிறது. நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படும். மக்கள் வீடு வீடாகச் சென்று பார்ப்பார்கள், பேசுவார்கள், விரும்பினால் வாங்குவார்கள். இதில் நமக்கு அந்நியமானது ஏதுமில்லை. கொலுவுக்கு வீடு வீடாகச் செல்லும் பழக்கம் உள்ள ஊர்கள்தாம் நம்முடையவை.

மறுப்புகள் எழும். கலைஞனுக்குத் தனிமை வேண்டாமா என்பது முதலாவது. வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆண்டில் நான்கு நாள் கதவு திறந்திருந்தால் மற்ற நாட்களில் மூடியிருக்கும் உரிமை இன்னும் உறுதிப்படும். இரண்டாவது, வருகிறவர்கள் ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று கேட்டு உயிரை எடுப்பார்கள் என்பது. இது நியாயமான அச்சம். ஆனால் அந்தக் கேள்வி முடிந்த படத்தின் முன்னால்தான் பிறக்கிறது. பாதியில் நிற்கும் படத்தின் முன்னால் நிற்பவர் ‘அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள்’ என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு எந்த ஓவியரும் மகிழ்ந்து விடை சொல்வார். மூன்றாவது மறுப்பு, வேலை செய்வது ஒரு வேடிக்கைக் காட்சியாகிவிடும் என்பது. மூன்றிலும் இதுவே கனமானது. பார்வையாளருக்காக வரைந்து காட்டத் தொடங்கினால் அது கலையாக இராது, வித்தை காட்டுதலாகிவிடும். எனவே திறந்த நாளில் ஓவியர் வரைந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கூடாது. ஒதுக்கித் தள்ளிய ஓவியங்கள், குறிப்பேடுகள், வண்ணம் கலந்து பார்த்த தாள்கள் ஆகியவற்றை மறைக்காமல் வைத்திருந்தால் போதும்.

பொருளியல் பக்கமும் உண்டு. சோழமண்டலத்தார் பாட்டிக் விற்றதை நாம் மறந்துவிடலாகாது. பார்க்க வருகிறவர் வெறுங்கையோடு திரும்புவது ஓவியருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எல்லோராலும் பெரிய ஓவியம் வாங்க இயலாது. ஒரு சிறிய கோட்டோவியத்தை, கையொப்பமிட்ட ஓர் அச்சுப்படியை, நாவல் வாங்கும் விலையில் வாங்க இயலும். ஓவியர்களும் அதற்கேற்ற சிறு படைப்புகளைச் செய்து வைக்கலாம். அட்டைப்படத்துக்கு ஓவியம் கேட்டு வாங்கி, பணத்தைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடுகிற நம் சிற்றிதழ் மரபுக்கு இது ஒரு சிறு பரிகாரமாகவும் அமையும்.

எங்கள் பகுதியில் இதை எங்கிருந்து தொடங்கலாம்? திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடக்கையில் தினமும் ஒரு புதிய கிளி அமர்கிறது. மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் கொண்டு, வழிவழியாக வரும் குடும்பத்தார் நாள்தோறும் பல மணி நேரம் செலவிட்டு அதைச் செய்கிறார்கள். அணிந்து களைந்த கிளி மறுநாள் பக்தருக்குப் போய்ச் சேர்கிறது. கிளியைப் பெற்றுக்கொள்ளக் காத்திருப்பவர்கள் பலர். இலையை மடித்துக் கட்டும் விரல்களை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஊர்தோறும் ஒதுங்கிவிட்ட பெயர்ப்பலகை ஓவியர்கள் இருக்கிறார்கள். பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்துகொண்டு வீட்டில் தமக்கென்று வரைபவர்கள் இருக்கிறார்கள். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஊர் திரளும் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருப்பமுள்ளவர்கள் மட்டும் தம் பட்டறையைத் திறந்து வைக்கலாம். கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் ஒரு பேருந்தில் மாணவர்களை அழைத்து வரலாம். இலக்கிய அமைப்புகள் தம் மாதக் கூட்டத்தை அன்று ஓவியர் வீட்டுத் திண்ணையிலேயே நடத்தலாம். இதற்கு மேடையோ பொன்னாடையோ வேண்டியதில்லை.

பட்டறை என்ற சொல்லை நாம் கவிதைப் பட்டறை, சிறுகதைப் பட்டறை என்று மூன்று நாள் முகாம்களுக்குச் சூட்டிவிட்டோம். உண்மையான பட்டறைகளோ நம் தெருக்கோடியில் ஆள்வரவின்றிக் கிடக்கின்றன. அடுத்த முறை ஓர் அட்டைப்படத்தை இரசிக்கும் நண்பர்கள் உள்பக்கத்தைப் புரட்டி, அட்டை ஓவியம் யாருடையது என்று பாருங்கள். அவர் வாழ்வது உங்கள் மாவட்டமாக இருந்தால், ஒரு கடிதம் எழுதி, வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வரலாமா என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் ஒரு கதவு திறக்கும் என்றே நான் நம்புகிறேன்.