ஐந்து நட்சத்திர டொக்டரைத் தேடாதீங்கோ



ஒன்லைன் ரேட்டிங்குகளை எவ்வளவு நம்பலாம் என்று இந்தக் கிழமை எபிசோடில கதைச்சனாங்கள். நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுதுறன். சாப்பாட்டுக் கடையின்ர ரேட்டிங் பிழைச்சால் ஒரு இரவுச் சாப்பாடுதான் வீண். மூட்டுவாத டொக்டரை, அதாவது ருமட்டோலஜிஸ்டை, அதே மாதிரித் தேடினால் போறது கைவிரல்.

மிகைப்படுத்திச் சொல்லேல்லை. ருமட்டோயிட் ஆத்ரைட்டிஸ் வயசு போனால் வாற தேய்மானம் இல்லை. உடம்பின்ர நோயெதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டையே தாக்குற நோய். முதல் சில மாதங்களுக்குள்ள சரியான மருந்து தொடங்கினால் மூட்டுகளைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கு. எலும்பு அரிச்ச பிறகு எந்தப் பெரிய டொக்டரிட்டப் போனாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர ஏலாது.

ஆனால் எங்கட வீடுகளில நடக்கிறது வேற. அம்மாவுக்குக் கை வீங்கும். "வாதம்தான்" என்று எண்ணெய் பூசுவா. சில மாதம் கழிச்சு வாட்ஸ்அப் குறூப்பில கேள்வி போகும்: "நல்ல டொக்டர் ஆரையும் தெரியுமோ?" உடனே ஒரு பெரிய பெயர் வரும். பிறகு அந்தப் பெயருக்காகக் காத்திருப்பம்.

என்ர அம்மாவுக்கு வந்தபோதும் ஒரு பெயர் வந்தது. அவரைப் பார்க்க நாலு மாதம். வீட்டிலிருந்து ரெண்டு பஸ் தூரத்தில இருந்த ஆஸ்பத்திரி கிளினிக்கில மூன்று கிழமை. நாங்கள் கிளினிக்கை எடுத்தனாங்கள். மாமாவுக்கு இன்னும் கோவம். அம்மா இப்ப தானே தேங்காய் திருவுறா.

என்ர கருத்து இதுதான்: ருமட்டோலஜியில அனுபவம் என்றது ஒரு ஆளின்ர தலைநரை இல்லை, ஒரு கிளினிக்கின்ர பழக்கம். ஐடியில வேலை செய்யிற எங்களுக்கு இது விளங்க வேணும். ஒரு ஹீரோ டெவலப்பரை நம்பி ஓடுற ப்ரொஜெக்ட் அவர் லீவில போற அண்டைக்கு விழும். இந்த நோய் வருசக்கணக்காகக் கூட வரும். அதைத் தாங்கிறது டீம்தான்.

அப்ப எதைப் பார்க்கிறது?

முதலில், வேகம். இங்கிலாந்தில சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடுற நைஸ் அமைப்பு சொல்லுறது: விடாத மூட்டு வீக்கத்தில சந்தேகம் இருந்தால் ஜிபி 3 வேலை நாளுக்குள்ள ரெஃபர் பண்ண வேணும், அதிலிருந்து 3 கிழமைக்குள்ள ருமட்டோலஜி டீம் பார்க்க வேணும். எல்லா இடத்திலும் இது நடக்கிறதில்லை. ஆனால் கேட்கிறதுக்கு உங்கட கையில ஒரு அளவுகோல் இருக்கு. கை, கால்களின்ர சின்ன மூட்டுகள் வீங்கியிருந்தால், "பிளட் டெஸ்ட் நோர்மல்" என்றது ரெஃபர் பண்ணாமல் விட காரணமில்லை. அதையும் நைஸ்தான் சொல்லுது. இங்கிலாந்தில, அவசர சிகிச்சை போன்ற சிலவற்றைத் தவிர, முதல் அப்பொயின்ட்மென்டுக்கு எந்த ஆஸ்பத்திரி என்று தெரிவு செய்யிற உரிமையும் பெரும்பாலான நோயாளிகளுக்கு இருக்கு. எங்கே எவ்வளவு காத்திருப்பு என்று ஜிபியிட்டக் கேளுங்கோ.

ரெண்டாவது, பதிவு. ஜிஎம்சியின்ர ஒன்லைன் பதிவேட்டில டொக்டரின்ர பெயரைப் போட்டால், அவர் ருமட்டோலஜியில ஸ்பெஷலிஸ்ட்டாகப் பதிஞ்சவரோ என்று காசில்லாமல் பார்க்கலாம். பிரைவேட்டாகப் போறவை இதைக் கட்டாயம் செய்யுங்கோ.

மூன்றாவது, அளக்கிறவையோ என்று பாருங்கோ. நல்ல கிளினிக் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டதோட விடாது. 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து டாஸ்-28 என்ற ஸ்கோர் போடும். நோய் அடங்கும் வரைக்கும் மாதாமாதம் அளந்து, ஸ்கோர் இறங்காட்டி மருந்தை மாத்தும். "அம்மாவின்ர ஸ்கோர் என்ன, டார்கெட் என்ன?" என்று கேளுங்கோ. பதில் இல்லையென்றால் யோசியுங்கோ.

நாலாவது, இடையில போன் எடுக்க ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் இருக்கிறாவோ? மெதோட்ரெக்சேட் இந்த நோய்க்குக் கிழமைக்கு ஒருக்கால் மட்டும் எடுக்கிற மருந்து. தவறி ஒவ்வொரு நாளும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஒழுங்காக இரத்தமும் சோதிக்க வேணும். சந்தேகம் வாற நேரம் கொன்சல்டன்ட் இருக்க மாட்டார், நர்ஸ் லைன் இருக்க வேணும்.

ஆளின்ர அனுபவம் முக்கியமே இல்லை என்று நான் சொல்லேல்லை. லூப்பஸ், வாஸ்குலைட்டிஸ் மாதிரி சிக்கலான நோய்களுக்கு, அதையே அடிக்கடி பார்க்கிற டொக்டர் வேணும். இங்கே வெள்ளைக்காரரை விடத் தெற்காசியப் பெண்களுக்கு லூப்பஸ் கூடுதலாக வருது. அதனால "இப்படியான ஆக்களை நீங்கள் நிறையப் பார்க்கிறனீங்களோ?" என்று கேட்கிறது மரியாதைக் குறைவு இல்லை.

கடைசியாக, நீங்கள் மட்டும் செய்யக்கூடிய வேலை ஒன்று. அம்மா உளைவு, விறைப்பு, நோ, வீக்கம் என்று நாலு சொல் சொல்லுவா. நாங்கள் டொக்டரிட்ட நாலையும் "பெயின்" என்று மொழிபெயர்க்கிறம். காலமையில அரை மணித்தியாலத்துக்கு மேல கை மடக்க ஏலாமல் இருக்கிற விறைப்புத்தான் டொக்டருக்கு வேண்டிய தகவல். அதை நாங்கள் வழியில தொலைச்சால், எவ்வளவு அனுபவமுள்ள டொக்டரும் பாதித் தகவலோடதான் முடிவெடுப்பார். என்எச்எஸ்ஸில மொழிபெயர்ப்பாளர் கேட்டு எடுக்கலாம், காசில்லை. நீங்களே போறதென்றால், ஒவ்வொரு நாளும் விறைப்பு எத்தனை நிமிசம் நிற்குது, எந்த விரல் வீங்குது என்று போனில குறிச்சு, வீக்கத்தை ஒரு படமும் எடுத்துக்கொண்டு போங்கோ.

இண்டைக்கு வீட்டுக்குப் போன் எடுத்தால், "சுகமோ?" என்று மட்டும் கேட்டு வைக்காதீங்கோ. "விடிய எழும்பேக்க கை மடங்குதோ?" என்றும் கேளுங்கோ.