என்ன கேமரா தம்பி?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கல்யாணம் பேசி முடித்தவுடன் போட்டோகிராபருக்கு ஆள் போகும. வந்தவனிடம் கேட்கிற முதல் கேள்வி, "தம்பி, என்ன கேமரா வச்சிருக்க?" "புல் பிரேம் அண்ணாச்சி" என்றால் கையில் அட்வான்ஸ். இல்லையென்றால் "சொல்லி அனுப்புறோம்". போன முகூர்த்தத்தில் எடுத்த ஆல்பத்தைக் கொண்டா, பார்ப்போம் என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கேட்கிறவருக்கு இது சும்மா ஒரு கேள்வி. பதில் சொல்கிற பையனுக்கு அது மாதாந்திரத் தவணை. லட்சத்துக்கு மேல் விலையுள்ள கேமராவைக் கடனில் எடுக்கிறான். தவணை வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசமும் போகும். முகூர்த்தம் அப்படியா வருகிறது? ஆடியில் கிடையாது, மார்கழியில் கிடையாது, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. நம்முடையதோ வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷம் கல்யாணம் தள்ளிப்போகும், இல்லை சுருங்கும். சுருங்கும்போது முதலில் கை வைப்பது ஆல்பத்தில்தான். நிலையான செலவு என்பது வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்காது. பி.காம் படிக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கடன் அடைவதற்குள் அடுத்த மாடலும் வந்துவிடும். கேனான் ஆர்6 வந்தது 2020ல், ஆர்6 மார்க் 2 வந்தது 2022ல். அண்ணாச்சி அப்போதும் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

சரி, அந்தக் காசுக்குப் படமாவது நன்றாக வருமா? கணக்குப் போட்டே பார்ப்போம்.

முதலில் மெகாபிக்சல். ஆல்பத்தில் ஒரு பக்கம் 12க்கு 18 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். இஞ்சுக்கு 300 புள்ளி என்றால் 3600 பெருக்கல் 5400. அதாவது 19.4 மெகாபிக்சல். 2015ல் வந்த நிக்கான் டி7200லேயே 24.2 இருக்கிறது. அதற்கு மேல் எடுத்து, வாட்ஸப்பில் சுருங்கிப் போகும் படத்துக்கு எதற்கு?

அடுத்தது வெளிச்சம். புல் பிரேம் சென்சாரின் பரப்பு சின்ன சென்சாரைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லென்ஸில் எஃப் 5.6க்கும் எஃப் 1.8க்கும் உள்ள வித்தியாசம் ஒன்பது மடங்குக்கு மேல். காசையெல்லாம் பாடியில் கொட்டிவிட்டு, கூடவே வந்த 3.5 - 5.6 லென்ஸை மாட்டிக்கொண்டு நிற்கிறவனை, சின்ன சென்சாரில் பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும் 50 எம்.எம். 1.8 லென்ஸ் போட்டவன் வெளிச்சத்தில் அடித்துவிடுவான். விடியற்கால முகூர்த்தத்தில், பழைய கோயிலின் கல் மண்டபத்துக்குள் தாலி கட்டும்போது இது தெரியும்.

மூன்றாவது, யாருமே கேட்காத விஷயம். கேமராவில் கார்டு போட எத்தனை இடம்? தாலி கட்டுவது சில நொடி. கார்டு கெட்டுப்போனால் மாப்பிள்ளையை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா? ஒரே படம் இரண்டு கார்டிலும் பதிவாக வேண்டும். டி7200ல் இரண்டு இடம் உண்டு. 2018ல் பெரிய பந்தாவோடு வந்த கேனான் இ.ஓ.எஸ். ஆரிலும் நிக்கான் இசட்6லும் ஒன்றுதான். இரண்டுமே புல் பிரேம்!

நான்காவது, நம்மூர்ப் புழுதி. வீட்டு வாசல் பந்தலில் நின்று லென்ஸைக் கழற்றி மாற்றினால் கரிசல் தூசி நேரே சென்சாரில் போய் உட்காரும். அதற்கு ஒரே வழி இரண்டு பாடி. ஒன்றில் அகல லென்ஸ், இன்னொன்றில் நீள லென்ஸ். ஒன்று மக்கர் செய்தாலும் கல்யாணம் நிற்காது. ஒரு புதுப் புல் பிரேமுக்குக் கொடுக்கும் காசில், நல்ல நிலையில் இருக்கும் பழைய பாடி இரண்டு, லென்ஸ், பிளாஷ் எல்லாம் தேற்றிவிடலாம்.

புதுக் கேமராவில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. கண்ணைத் தேடிப் பிடித்து போகஸ் செய்கிறதே, அது நிஜமாகவே உபகாரம். ஆனால் கறுத்த மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வந்து நின்றால் எந்தக் கேமராவின் மீட்டரும் வெள்ளையைப் பார்த்து ஏமாந்து படத்தை இருட்டாக்கத்தான் பார்க்கும். ஒன்றோ ஒன்றரையோ ஸ்டாப் ஏற்ற வேண்டும் என்பது எடுக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் போட்டோஷாப்பில் போய் முகத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பான். அந்த ஆல்பத்தில் இருப்பது நம் மாமனா மச்சானா என்று நாமே தேட வேண்டியதுதான்.

திருச்சுழியில் 1879ல் பிறந்தவர் ரமண மகரிஷி. அவர் முகம் என்றதும் நம் மனசில் வருவது 1946ல் ஜி.ஜி. வெல்லிங் எடுத்த படம். அது எந்தக் கம்பெனி கேமரா என்று இதுவரை யாராவது கேட்டிருக்கிறோமா?

ஆகவே கல்யாண வீட்டுக்காரர்களே, கேட்க வேண்டியது மூன்றுதான். ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பத்தைக் காட்டு. இரண்டு கார்டில் பதிவாகிறதா? ஒரு கேமரா நின்றுபோனால் இன்னொன்று இருக்கிறதா? தம்பிகளே, உங்களுக்கு ஒன்றே ஒன்று. ஆடி மாசத்திலும் கட்ட முடிகிற தவணைக்கு மேல் கேமரா வாங்காதீர்கள்.