உடைப்பதும் அரைப்பதும்

தானியத்தைச் சிதைப்பதற்குத் தமிழில் எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். நெல்லைக் குற்றுகிறோம். உளுந்தைத் திருகையிலிட்டு உடைக்கிறோம். கேழ்வரகை மாவாகத் திரிக்கிறோம். ஊறிய அரிசியை ஆட்டுகிறோம். புட்டுக்கு மாவு இடிக்கிறோம். இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. ஒவ்வொரு வினையும் ஒரு கருவியைக் குறிக்கிறது. அந்தக் கருவியிலிருந்து வெளிவருவது குருணையா, நொய்யா, ரவையா, மாவா என்பதையும் சேர்த்தே குறிக்கிறது. மிக்ஸியும் கிரைண்டரும் வந்தபின் இவற்றுள் பெரும்பாலானவை 'அரைத்தல்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒடுங்கிவிட்டன. அதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பவர்களுக்கு, சற்றும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து விடை சொல்லலாம் என்று தோன்றுகிறது. வீட்டில் பீர் காய்ச்சுவோர் பயன்படுத்தும் தானிய ஆலைதான் அந்த இடம்.

தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே நான் பேசுவது அமெரிக்காவைப் பற்றி. அங்கே 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட ஒரு சட்டம், சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் பீர் காய்ச்சுவதைக் கூட்டாட்சி வரியிலிருந்து விடுவித்தது. வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ இருந்தால் 200 காலன் என்பது வரம்பு, விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக இதை ஏற்றன. கடைசியாக இணங்கியவை அலபாமாவும் மிசிசிப்பியும், ஆண்டு 2013. இன்று அது அங்கே தச்சுவேலை, தோட்டவேலை போல மரியாதைக்குரிய ஒரு பொழுதுபோக்கு. ஒரிகன் மாநிலத்தில் வசிக்கும் என் மைத்துனருக்கும் இதில் ஈடுபாடு உண்டு. ஒரு கோடை விடுமுறையில் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது ஆலையின் கைப்பிடியைச் சுற்றும் வேலை என்னிடம் வந்தது. இக்கட்டுரையின் கருத்துகள் அந்தக் கைப்பிடியிலிருந்தும், பின்னர் படித்தவற்றிலிருந்தும் உருவானவை.

பீருக்கு அடிப்படை மால்ட். வாற்கோதுமையை ஊறவைத்து, முளைவிடச் செய்து, முளை நீளுமுன் சூடான காற்றில் உலர்த்தி எடுப்பது அது. முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் உண்டாகின்றன. மால்ட்டை உடைத்து 62 முதல் 69 டிகிரி செல்சியஸ் வரையிலான வெந்நீரில் ஏறக்குறைய ஒரு மணிநேரம் ஊறவிட்டால், அந்நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. பிறகு அந்த இனிப்புச் சாற்றை வடித்துக் கொதிக்கவைத்து, ஹாப் பூ சேர்த்து, ஆற்றி, ஈஸ்ட் இட வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது வடிக்கும் கட்டம். சாற்றை வடிப்பதற்குத் தனியாக நுண்ணிய சல்லடை எதுவும் கிடையாது. பாத்திரத்தின் அடியில் துளையிட்ட ஒரு தட்டு இருக்கும். அதன்மேல் படியும் வாற்கோதுமை உமியே வடிகட்டி.

இங்கேதான் ஆலைக்கு ஒன்றுக்கொன்று முரணான இரு கட்டளைகள் பிறக்கின்றன. உள்ளிருக்கும் பருப்பு நன்றாகத் துண்டுபட வேண்டும். இல்லையேல் வெந்நீர் உள்ளே புகாது, சர்க்கரை வெளியே வராது. மேலிருக்கும் உமி கூடியவரை முழுதாக இருக்க வேண்டும். இல்லையேல் வடிகட்டி இல்லை. மாவாகிப்போன மால்ட் வெந்நீரில் களியாகி அடைத்துக்கொள்ளும். மணிக்கணக்கில் காத்திருந்தாலும் சொட்டுச் சொட்டாகவே இறங்கும். உமியைத் துகளாக்கிவிட்டு, அதன்மேல் மிகச் சூடான நீரை ஊற்றி அலசினால் துவர்ப்பும் சாற்றில் இறங்கும். ஆகவே மால்ட்டை அரைக்கக் கூடாது, உடைக்க வேண்டும். ஆலை வாங்குவோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலையோ வேகமோ அல்ல. 'இது உடைக்குமா, அரைக்குமா?' என்பதே.

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, கொரோனா என்ற பெயரில் அறியப்பட்ட கொலம்பிய நாட்டுக் கை ஆலை. பெயரைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம். அச்சொல்லுக்குக் கிரீடம் என்று பொருள். மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் வார்ப்பிரும்பு ஆலை அது. மக்காச்சோளம் அரைப்பதற்காகவே பிறந்தது. பள்ளம் வெட்டிய இரு தட்டுகளுக்கிடையே தானியம் தேய்க்கப்படுகிறது. நம் திருகையை நிமிர்த்தி நிறுத்தினாற்போல என்று கொள்ளலாம். மலிவானது, தட்டுகளைத் தளர்த்தி வைத்துப் பொறுமையாகச் சுற்றினால் ஓரளவு உடைக்கவும் செய்யும். ஆனால் தட்டு தள்ளாடும். ஒரு பிடி குருணையாகவும் அடுத்த பிடி மாவாகவும் வரும். அதன் இயல்பு தேய்ப்பது. உமியைக் கிழிக்காமல் இருப்பது அதற்கு இயல்புக்கு மாறான வேலை.

இரண்டாவது, இரட்டை உருளை ஆலை. சொரசொரப்பான வரி வெட்டிய இரு எஃகு உருளைகள். ஒன்றைக் கைப்பிடி சுற்றும், மற்றொன்று தானியத்தின் உராய்வால் தானே சுழலும். தானியம் இடையில் நசுங்கிப் பிளக்கிறது. உமி ஒரு புத்தகம் திறப்பதுபோலத் திறந்துகொண்டு உள்ளிருப்பதை உதிர்த்துவிட்டுக் கீழே விழுகிறது. மூன்றாவது, மூவுருளை ஆலை. முதல் இணை அகன்ற இடைவெளியில் மெல்ல நசுக்க, அடுத்தது வேலையை முடிக்கிறது. சிறப்பானதுதான், ஆனால் விலையும் எடையும் கூடுதல். வீட்டளவில் ஒருமுறை 5 காலன், அதாவது 19 லிட்டர் பீருக்குச் சுமார் நாலரைக் கிலோ மால்ட் போதும். அதற்கு இரட்டை உருளை ஆலை தாராளம் என்பது என் முடிவு. உருளையின் விட்டம் பெரிதாக இருப்பது நல்லது. தானியத்தை வழுக்காமல் பற்றிக்கொள்ளும். இடைவெளியை மாற்றும் வசதி இல்லாத ஆலையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

ஏனெனில் இடைவெளிதான் எல்லாம். மால்ட்டுக்கு 1 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. சிலர் கடன் அட்டையை உருளைகளுக்கிடையே செருகிப் பார்ப்பார்கள். அதன் கனம் 0.76 மில்லிமீட்டர்தான், சற்று நெருக்கம். வாகனப் பட்டறைகளில் பயன்படும் ஃபீலர் கேஜ் சில டாலருக்குக் கிடைக்கும், அதுவே நம்பகமானது. உருளையின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். ஒரு முனை நெருங்கி மறுமுனை விலகியிருந்தால் பாதி மாவு, பாதி முழுத்தானியம். ஒரு பிடி உடைத்து வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். முழுத்தானியம் கண்ணில் படக்கூடாது. உமி பெரிய செதில்களாகத் தெரிய வேண்டும். எஞ்சியதில் நொய் மிகுதியாகவும் மாவு குறைவாகவும் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் விஸ்கி வடிப்போர் இதைச் சல்லடைப் பெட்டியில் பிரித்து எடைபோட்டே பார்க்கிறார்கள்: உமி 20, நொய் 70, மாவு 10 சதவீதம் என்பது அவர்கள் வழங்கும் கணக்கு. சுற்றும் வேகமும் முக்கியம். டிரில் இயந்திரத்தை மாட்டுவோர் நிமிடத்துக்கு 150, 200 சுற்றுக்கு மேல் போகாமலிருப்பது நல்லது. "மெதுவா, மச்சான்" என்று என் மைத்துனர் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னது என் கைவலிக்கு இரங்கி அல்ல, உமிக்கு இரங்கி.

இனி, நான் மாறுபடும் இடம். இத்துறையில் ஈடுபடுவோரிடையே 'செயல்திறன்' என்ற எண்ணைப் பற்றிய ஒரு மோகம் உண்டு. மால்ட்டில் உள்ள சர்க்கரையில் எத்தனை சதவீதத்தைச் சாற்றில் இறக்கினோம் என்பது அந்த எண். அதை உயர்த்த எளிய வழி உருளைகளை மேலும் நெருக்குவது. எனவே இடைவெளி 1 மில்லிமீட்டரிலிருந்து 0.8, 0.7 என்று குறைந்துகொண்டே போகிறது. ஆனால் 70 சதவீதம் 80 ஆனால் மிச்சமாவது எவ்வளவு? நாலரைக் கிலோ வேண்டிய இடத்தில் ஏறத்தாழ நாலு கிலோ. அரைக் கிலோ மால்ட்டின் விலை அங்கே ஓரிரு டாலர். ஆயிரக்கணக்கான டன் வாங்கும் ஆலைமுதலாளிக்கு அந்தப் பத்து சதவீதம் உயிர்ப்பிரச்சினை. மாதம் ஒருமுறை தன் வீட்டுக் கொட்டகையில் காய்ச்சுபவருக்கு அது என்ன? அந்த ஓரிரு டாலருக்காக அடைத்துக்கொண்ட பாத்திரத்தின் முன் ஒரு மாலைப்பொழுதை இழப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது? எண் 70 ஆகவே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் 70 ஆகவே இருக்கட்டும். அப்போதுதான் சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் உள்ள சுவை வேறுபாடு எதனால் வந்தது என்று அறிய முடியும். பெருந்தொழிலின் அளவுகோலைப் பொழுதுபோக்கிற்குள் கொண்டுவருபவர், தொழிலின் இலாபமும் இல்லாமல் பொழுதுபோக்கின் இன்பமும் இல்லாமல் நிற்கிறார்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. 2000களில் ஆஸ்திரேலியாவில் பரவிய ஒரு முறையில், மால்ட் முழுவதையும் துணிப்பையில் கட்டி வெந்நீரில் இறக்கி, ஊறியபின் பையோடு தூக்கிவிடுகிறார்கள். அங்கே வடிகட்டி துணி. உமிக்கு வேலை இல்லை. அவர்கள் நெருக்கமாக உடைப்பதில் நியாயம் இருக்கிறது. மலிவான கொரோனா ஆலையே அவர்களுக்குப் போதும் எனலாம். ஆனால் இந்த விலக்கும் என் கருத்தையே உறுதிசெய்கிறது. எப்படிச் சிதைப்பது என்பதை முடிவுசெய்வது அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதே. கோதுமையும் அப்படித்தான். உமியற்ற, கடினமான, சிறிய மணி. அதற்கு இடைவெளியைக் குறைத்தே ஆக வேண்டும். குறைத்தால் வடிகட்டி ஏது? அதற்காக அமெரிக்கக் கடைகளில் நெல் உமியைப் பையிலிட்டு விலைக்கு விற்கிறார்கள். நம்மூர் அரிசி ஆலைகளின் பின்புறம் மலையாகக் குவிந்து கிடப்பதை ஓர் அயல்நாட்டார் காசு கொடுத்து வாங்கிப் போவதைப் பார்த்தபோது, பயனற்றது என்று நாம் ஒதுக்கும் சொற்களும் நினைவுக்கு வந்தன.

கடையிலேயே உடைத்துத் தருவார்களே, சொந்த ஆலை எதற்கு என்று கேட்கலாம். உடைக்காத மால்ட் ஈரம்படாமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. உடைத்தது சில வாரங்களில் மணம் இழக்கும். தவிர, கடையின் இடைவெளி கடைக்காரருடையது. உங்கள் பாத்திரத்தை அவர் கண்டதில்லை. சொந்த ஆலை இருந்தால் மற்றொன்றும் செய்யலாம்: உடைப்பதற்குக் கால்மணி நேரம் முன்பு மால்ட்டின் எடையில் 2 சதவீத நீரை, நாலரைக் கிலோவுக்கு 90 மில்லிலிட்டரை, தெளித்துப் பிசிறி வைத்தால் உமி பதமாகிக் கிழியாமல் திறக்கும். அதன்பின் ஒரு பிடி உலர்ந்த மால்ட்டை ஓட்டி உருளையின் ஈரத்தை அகற்ற வேண்டும், எஃகு துருப்பிடிக்கும். பீர் நொதிக்கும் அறையில் மட்டும் உடைக்கக் கூடாது. தானியத் தூசியில் புளிப்பேற்றும் பாக்டீரியா குடியிருக்கிறது.

இவ்வளவும் அயலாரின் அறிவு என்று எண்ணிவிட வேண்டாம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் மது ஆக்கும் முறை ஒன்று வரிசை குலையாமல் சொல்லப்படுகிறது. அரிசியைக் கூழாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, முளைதானியம் கலந்து, இரு பகலும் இரு இரவும் சாடியில் வைத்து முதிரச் செய்கிறார்கள். முளையின் ஆற்றலால் மாவுச்சத்தை இனிப்பாக்கும் அதே வழி. கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்த அரிசி குற்றப்பட்டதா, குற்றப்படாததா என்பதைக்கூடச் சொல்லாமல் விடவில்லை. குற்றாத அரிசி என்றே தொடங்குகிறார். வகுப்பில் இவ்வடியை நடத்தும்போது 'குற்றுதல்' என்பதற்கு இப்போது பொருள் சொல்ல வேண்டியிருக்கிறது. 'அரைப்பது போல' என்று மாணவர்கள் தாங்களே முடித்துக்கொள்கிறார்கள். அரைப்பது போல அல்ல. அந்த வேறுபாட்டை அமெரிக்காவில் ஒருவர் ஃபீலர் கேஜ் கொண்டு அளந்துகொண்டிருக்கிறார். நமக்கு அது ஒரு வினைச்சொல்லிலேயே இருந்தது.