துங்காரேஸ்வர் அருவியில் ஒரு பகல்

ஆனி பிறந்துவிட்டால் நெல்லைச் சீமையிலிருந்து வந்த நம்மவர் பேச்சில் குற்றாலம் தானாகவே வந்து புகுந்துகொள்ளும். "சாரல் தொடங்கிவிட்டதாம், ஐந்தருவியில் நல்ல தண்ணீராம்" என்று தாராவியில் ஒருவர் தொடங்கினால், மாட்டுங்காவில் இன்னொருவர் பெருமூச்செறிவார். ஆனால் அந்தப் பருவத்தில் நம் பிள்ளைகளுக்கு இங்கே பள்ளிக்கூடம். போகவர மூன்று நாட்களை ரயிலே விழுங்கிவிடும். ஆகவே, அருவிதானே வேண்டும், அருகிலேயே ஒன்றைப் பார்ப்போம் என்று, ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் சங்கத்துக் குடும்பங்கள் சில துங்காரேஸ்வருக்குப் புறப்பட்டோம்.

செம்பூர் அன்பர்கள் குர்லாவில் வண்டி மாறித் தாதருக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து விரார் வண்டி. பயந்தரைத் தாண்டிக் கழிமுகப் பாலத்தின்மீது வண்டி செல்லும்போதே குழந்தைகளின் ஆரவாரம் தொடங்கிவிட்டது. வசாய் ரோடு நிலையத்தில் இறங்கி, ஆட்டோக்களில் ஆமதாபாத் நெடுஞ்சாலையைக் கடந்து மலையடிவாரத்தை அடைந்தோம். 2003-ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. உள்ளே ஒரு சிவன் கோயில். அதற்குச் செல்லும் வழியெல்லாம் ஓடைகள். மாநகரின் புகையையும் இரைச்சலையும் விட்டு ஒரு காலைப் பொழுதுக்குள் இத்தகைய பசுமைக்குள் வந்துவிட முடியுமென்று நம்மில் பலர் அதுவரை எண்ணியதில்லை. தேக்கிலைகளில் சொட்டும் நீரும், பாறைப் படிகளில் வெண்ணிறமாக இறங்கும் அருவியும் கண்டு மனம் நிறைந்தது.

ஓடைக்கரையில் சோளக்கதிர் சுட்டு விற்றுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், அக்கரையில் இலை விரிக்க இடம் பார்த்த நம்மை நோக்கி, "பலீகடே ஜாவூ நகா" என்று இரண்டு முறை கூறினார். நமக்கு மராத்தி அரைகுறை. நம்முடன் வந்த எட்டாம் வகுப்புச் சிறுவன், இங்கேயே பிறந்து வளர்ந்தவன், உடனே சொன்னான்: "அக்கரைக்குப் போகாதீங்கன்னு சொல்றார், மாமா. மேலே மலையில மழையாம்."

நாம் வானத்தைப் பார்த்தோம். தலைக்கு மேல் இளவெயில். "குற்றாலத்தில் குளித்தவர்களுக்கு இந்த ஓடை எம்மாத்திரம், தம்பி?" என்று சிரித்துவிட்டுக் கணுக்காலளவு நீரில் கற்களின்மேல் கால் வைத்துக் கடந்தோம். முழங்கால் வலியால் கடக்க இயலாத ஆச்சி ஒருவர் மட்டும் இக்கரைப் பாறையில் அமர்ந்துகொண்டார். கடையநல்லூர்ப் பக்கத்தில் வயது முதிரும்வரை வாழ்ந்துவிட்டு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மும்பைக்கு வந்தவர்.

புளியோதரையும் தயிர்சாதமும் பாதி தீர்ந்திருக்கும். திடீரென ஆச்சியின் குரல் அருவி ஓசையையும் மீறி எழுந்தது. "ஏலே, சாப்பாட்டைப் போட்டுட்டு இங்கிட்டு வாங்கலே! தண்ணி நிறம் மாறுது! சருகு வருது!"

தெளிந்திருந்த நீர் தேநீர் நிறமாகியிருந்தது. காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. குழந்தைகளை முதலில் தூக்கிக் கடத்தினோம், பின்னர் பெண்கள். பாத்திரங்களைத் திரட்டவென்று தாமதித்த நாம் நால்வர் திரும்பிப் பார்க்கையில், கால் வைத்து வந்த கற்களைக் காணோம். நீர் இடுப்பளவு ஏறியிருந்தது. அக்கரையிலேயே மேட்டில் ஏறி நின்று இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். தங்கள் தந்தையரைப் பார்த்துக் குழந்தைகள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. வெள்ளம் வடிந்தபின் ஒரு கயிற்றைக் குறுக்கே வீசி நம்மை அழைத்துக் கொண்டவர் அந்தச் சோளக்கதிர் முதியவரே. அவரை நிமிர்ந்து பார்க்க நமக்கு வெட்கமாயிருந்தது.

நம் பிழை யாது? குற்றாலத்து நம்பிக்கையை இங்கே கொண்டுவந்ததே. இரண்டிடத்தும் மலை ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்றும் ஒன்று. தபதி ஆற்றின் தெற்கிலிருந்து குமரிவரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையைத்தான் இங்கே சகியாத்ரி என்கிறார்கள். ஆனால் குற்றாலம் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் காற்று அங்கே பெரும்பாலும் சாரலாகத் தூவுகிறது. பேரருவியும் நேரே நம் தலையில் விழுவதில்லை. பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பின்னரே கீழிறங்குகிறது. பாதுகாப்பு வளைவும் கம்பித் தடுப்பும் காவலரும் அங்கே உண்டு.

நாமோ இங்கே மலைக்கு மேற்கே, கடற்காற்றின் நேர்முகத்தில் வாழ்கிறோம். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை மறந்தவர் நம்முள் இல்லை. இங்குள்ள மலைகள் எரிமலைக் குழம்பு படிப்படியாக உறைந்த கரும்பாறை. செங்குத்தான சரிவில் விழும் பெருமழை ஊறி நிற்பதற்குள் ஓடைக்கு வந்துவிடுகிறது. நாம் நிற்குமிடத்தில் வெயில் காய்ந்தாலும் உச்சியில் பெய்த மழை சிறிது நேரத்தில் நம் காலடிக்கு வந்து சேரும். விரைந்தோடும் நீர் அரையடி ஆழமிருந்தாலே வளர்ந்த ஆளையும் வீழ்த்தக் கூடும்.

2024-ஆம் ஆண்டு ஜூன் 30-இல் லோணாவாலாவின் பூஷி அணையருகே ஒரே குடும்பத்தினர் ஐவரை இவ்வாறே வெள்ளம் கொண்டுபோயிற்று. அவர்களுள் நால்வர் சிறுபிள்ளைகள். இத்தனை காவலுள்ள குற்றாலத்துப் பக்கத்திலும், அதே ஆண்டு மே 17-இல் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் பதினேழு வயதுப் பிள்ளை ஒருவனைப் பறித்தது. தண்ணீருக்குத் தன் ஊர், அயலூர் என்ற பேதமில்லை.

ஆதலால் அன்பர்களே, அருவிக்குப் போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நாலு சுவருக்குள் வளரும் நம் குழந்தைகளுக்குக் காடும் அருவியும் கட்டாயம் வேண்டும். புறப்படுமுன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். தடையுத்தரவு இருக்கிறதா என்று விசாரியுங்கள், இருந்தால் மதியுங்கள். ஓடைக்கு அப்பால் இலை விரிக்காதீர்கள். நீர் கலங்கினாலோ, சருகு வந்தாலோ, ஓசை மாறினாலோ அக்கணமே மேட்டுக்கு ஏறுங்கள். பாத்திரம் போனால் போகட்டும்.

இன்னுமொன்று. அன்று ஆச்சிக்குத் தண்ணீரின் மொழி தெரிந்திருந்தது. பேரனுக்கு இவ்வூர் மொழி தெரிந்திருந்தது. இடையிலிருந்த நாம்தான் பேரன் சொல்லைக் கேளாமல் சிரித்தோம். திரும்புகையில் ரயிலில் அச்சிறுவனிடம் அதைச் சொன்னோம். அவன், "அடுத்த தடவை அந்தத் தாத்தாகிட்டே சோளக்கதிர் வாங்கிட்டு, அவர் காட்டுற இடத்துல உட்காருவோம், மாமா" என்றான். அப்படியே செய்வதாக உள்ளோம்.